நிகோடின் சூயிங்கமா, பேட்சா?
இந்தியாவில் 2019-லேயே வேப் (இ-சிகரெட்) விற்பனைக்குத் தடை வந்துவிட்டது. சிகரெட்டைக் கைவிட நினைக்கும் புதுச்சேரிக்காரர் மருந்துக்கடையில் கேட்கக்கூடியவற்றில் மெல்லும் நிகோடின் சூயிங்கமும் தோலில் ஒட்டும் நிகோடின் பேட்சும் உண்டு.

எழுந்த அரை மணிக்குள் பற்றவைப்பவருக்கு 4 மி.கி. சூயிங்கம், மற்றவருக்கு 2. விடாமல் மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். மெதுவாக மென்று, சுரீரென்றதும் கன்னத்தில் ஒதுக்குங்கள். காரம் அடங்கினால் மறுபடி மெல்லுங்கள். காபி குடித்து 15 நிமிடம் போகட்டும். காபியால் புளிப்பேறிய வாய் நிகோடினைச் சரியாக உறிஞ்சாது.

பேட்சுக்கு இந்த மெல்லும் கணக்கெல்லாம் இல்லை. ஆனால் நம் கடலோர வியர்வையில் ஓரம் பிரியும். எண்ணெய் படாத, முடியில்லாத மேல்கையைத் துடைத்து அழுத்தி ஒட்டுங்கள். மறுநாள் வேறு இடம். கெட்ட கனவு வந்தால் படுக்கும்போது கழற்றலாம்.

டீக்கடையில் மட்டும் கை பரபரப்பவருக்குச் சூயிங்கமே போதும். நாள் முழுக்க ஊதுபவருக்குப் பேட்ச்தான் சரி. இதயக் கோளாறு இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.