எந்த ஜான்சன், எந்த லாங், எந்த பேர்ட்? அமெரிக்க காங்கிரஸ் பயோகைட் ரிவ்யூ

அமெரிக்க வரலாறு படிக்கிறவங்க எல்லாருக்கும் இந்தத் தலைவலி ஒரு தடவையாச்சும் வந்திருக்கும். "செனட்டர் லாங் எதிர்த்தார்"னு ஒரு வரி இருக்கும், எந்த லாங்னு போட்டிருக்காது, நாம நமக்குத் தெரிஞ்ச லாங்கை மனசுல வச்சுக்கிட்டு பத்து பக்கம் தாண்டிப் போயிடுவோம். இதுக்கு இருக்கறதுலயே நல்ல மருந்துன்னா அமெரிக்க காங்கிரஸோட (செனட், பிரதிநிதிகள் சபைன்னு ரெண்டு சபை இருக்கற அவங்க பார்லிமென்ட்) பயோகிராஃபிக்கல் டைரக்டரிங்கற வெப்சைட், சுருக்கமா பயோகைட். காசு கிடையாது, 1774ல கூடின காண்டினென்டல் காங்கிரஸ்ல இருந்து இன்னிக்கு வரைக்கும் இருந்த எல்லா மெம்பரும் இதுல இருக்காங்க.

சர்நேம் மட்டும் அடிச்சா பெரிய லிஸ்ட் வரும், பேர் பக்கத்துலயே பிறந்த வருஷம் இறந்த வருஷம் கட்சி மாநிலம் எல்லாம் இருக்கறதால பாதி குழப்பம் அங்கேயே தீர்ந்துடும். ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்சது உள்ள போனா முதல் வரில வர்ற அடைப்புக்குறி. பேர் முடிஞ்ச உடனே, எந்த மாநிலம்னு சொல்றதுக்கு முன்னாடியே, இவர் யாருக்கு மகன், யாருக்கு அண்ணன் தம்பி, காங்கிரஸ்ல இருந்த சொந்தக்காரங்க யாருன்னு போட்டுடுவாங்க. சொந்தம் இல்லன்னா அந்த அடைப்புக்குறியே இருக்காது. ஒரே பேர் உள்ளவங்களப் பிரிச்சுப் பார்க்க இதைவிட வேகமான வழி நான் பார்த்ததில்ல.

லாங்கையே எடுத்துக்கோங்க. ஹ்யூயி லாங் லூசியானா செனட்டர், 1935 செப்டம்பர்ல சுட்டுக் கொன்னாங்க. அவர் பக்கத்தைத் திறந்தா அடைப்புக்குறிக்குள்ள ஒரு குடும்பமே நிக்கும், மனைவி ரோஸ், மகன் ரஸ்ஸல், அண்ணன் ஜார்ஜ்னு. ரோஸ் 1936ல கணவரோட சீட்டுக்கு வந்து 1937 ஜனவரி வரைக்கும் இருந்தாங்க, ரஸ்ஸல் 1948 கடைசில செனட்டுக்கு வந்து 1987 வரைக்கும் இருந்தார். அப்பாவும் அம்மாவும் ரெண்டு பேருமே தனக்கு முன்னாடி செனட்டரா இருந்தது அமெரிக்காவுலயே ரஸ்ஸலுக்கு மட்டும்தான். இப்போ அதே லிஸ்ட்ல எட்வர்ட் லாங்னு மிசௌரிக்காரர் ஒருத்தர், ஓரன் லாங்னு ஹவாய்க்காரர் ஒருத்தர், ரெண்டு பேருக்கும் இந்தக் குடும்பத்துக்கும் சம்பந்தமே இல்ல. 1960 கடைசில இருந்து 1963 ஆரம்பம் வரைக்கும் ரஸ்ஸல், எட்வர்ட், ஓரன் மூணு பேருமே ஒரே நேரத்துல செனட்ல உட்கார்ந்திருந்தாங்க, மூணு பேருமே டெமாக்ரட் கட்சி. அந்த வருஷங்களைப் பத்திப் படிக்கறப்போ வெறும் செனட்டர் லாங்னு வந்தா கண்டிப்பா நின்னு செக் பண்ணணும்.

பேர்ட் இன்னும் சிக்கல். வர்ஜீனியா ஹாரி பேர்ட் 1933ல இருந்து 1965 வரைக்கும், அதுக்கப்புறம் அவர் மகன் ஹாரி பேர்ட் ஜூனியர் 1983 வரைக்கும். பக்கத்து மாநிலம் வெஸ்ட் வர்ஜீனியாவுல ராபர்ட் பேர்ட், 1959ல இருந்து 2010ல சாகற வரைக்கும் செனட்டர். பக்கத்து பக்கத்து மாநிலம், அதே சர்நேம், இனப் பாகுபாட்டைத் தடை பண்ணின 1964 சிவில் ரைட்ஸ் சட்டத்தை அப்பா ஹாரியும் ராபர்ட்டும் சேர்ந்தே எதிர்த்தாங்க, அதனால சொந்தக்காரங்கன்னு நினைக்கறது ரொம்ப இயல்பு. ஆனா ராபர்ட் பிறந்தப்போ வச்ச பேர் கொர்னீலியஸ் கால்வின் சேல் ஜூனியர், அம்மா இறந்ததும் அத்தையும் மாமாவும் எடுத்து வளர்த்தாங்க, அவங்க சர்நேம்தான் பேர்ட்.

அடைப்புக்குறியும் கை கொடுக்காத இடம் ஒண்ணு இருக்கு, முதல் பேரும் சர்நேமும் ரெண்டுமே ஒண்ணா இருக்கறப்போ. 1973ல இருந்து 1981 வரைக்கும் பிரதிநிதிகள் சபையில ரெண்டு சார்லஸ் வில்சன், ஒருத்தர் கலிஃபோர்னியா இன்னொருத்தர் டெக்சஸ், ரெண்டு பேரும் ஒரே கட்சி. பண விவகாரத்துல 1980ல சபை கண்டிச்சது கலிஃபோர்னியாக்காரரை, ஆஃப்கானிஸ்தான் போராளிகளுக்கு நிதி வாங்கிக் கொடுத்தது டெக்சஸ்காரர். இதை மாத்திப் போட்டா ஒரு மனுஷனுக்குப் பெரிய அநியாயம், அதனால மாநில ஃபில்டரைப் போட்டே தேடுங்க.

குறைன்னு பார்த்தா, பக்கங்கள் எல்லாம் வேலைப் பட்டியல் மாதிரிதான் ஓடும், எங்க படிச்சார், எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைக்கும் பதவி, எங்க அடக்கம் பண்ணாங்க, அவ்வளவுதான். என்ன பேசினார் எதுக்காக நின்னார்னு புரிஞ்சுக்க வேற எங்கயாச்சும் போய்த்தான் ஆகணும். விஸ்கான்சின் ஜோசஃப் மெக்கார்த்தியும் மினசோட்டா யூஜின் மெக்கார்த்தியும் ஒரே காலத்து ஆளுங்க, முதலாமவர் கம்யூனிஸ்ட் வேட்டையில பேர் கெட்டு 1954ல செனட்டே 67க்கு 22னு ஓட்டு போட்டுக் கண்டிச்சது, ரெண்டாமவர் 1968ல வியட்நாம் போரை எதிர்த்து தன் கட்சி ஜனாதிபதி லிண்டன் ஜான்சனையே எதிர்த்து நின்னார். இவ்வளவு எதிரெதிரான ரெண்டு பேர்ங்கறது வெறும் தேதிகளைப் பார்த்தா உறைக்கவே உறைக்காது.

ஆனா தேதிகளே கதை சொல்ற இடமும் உண்டு. ஆண்ட்ரூ ஜான்சன் பிறந்தது 1808, லிண்டன் ஜான்சன் பிறந்தது 1908. ரெண்டு பேரும் தெற்கத்திக்காரங்க, ரெண்டு பேரும் துணை ஜனாதிபதியா இருந்து, ஜனாதிபதி கொலையானதால மேல வந்தவங்க, ஒருத்தர் 1865 இன்னொருத்தர் 1963. ஆண்ட்ரூ பக்கத்தைக் கடைசி வரைக்கும் படிங்க, செனட் விசாரிச்ச பதவி நீக்க வழக்குல ஒரே ஓட்டுல தப்பிச்சவர் 1875ல அதே செனட்டுக்கு மெம்பரா திரும்பி வந்து சில மாசத்துலயே இறந்து போறார். ஜனாதிபதியா இருந்துட்டு செனட்டரா வந்தது இவர் ஒருத்தர்தான்.

கவர்னர், மேயர் தேடறவங்க இங்க வராதீங்க. ஹ்யூயியோட தம்பி ஏர்ல் லாங் லூசியானாவுக்கு கவர்னரா இருந்த பெரிய ஆளு, ஆனா காங்கிரஸ் சீட்ல உட்காரறதுக்கு முன்னாடியே 1960ல இறந்துட்டார், அதனால அவருக்குத் தனிப் பக்கம் கிடையாது. காங்கிரஸ் ஆளுங்களுக்கு மட்டும்னா தாராளமா 5க்கு 4 கொடுப்பேன், சர்நேமை மட்டும் அடிச்சுட்டு முதல்ல வர்ற ஆளை க்ளிக் பண்ணாம, வருஷத்தைப் பார்த்துட்டு உள்ள போங்க.