கிழிஞ்ச கைலி யானையாச்சு, கம்மல் மட்டும் கழண்டு விழுந்துச்சு

மூணரை ஸ்டார். கூட அரை குடுத்திருப்பேன், அந்த கம்மல் கதை நடக்காம இருந்திருந்தா. அத கீழ சொல்றேன். அவசரமா இருக்கவங்க இத மட்டும் படிச்சிட்டு போயிடுங்க: பினாங்குல பழைய துணில பூ, பொம்மை, நகை பண்ண சொல்லித் தர்ற இந்த கிளாஸுக்கு தாராளமா போங்க, அங்க விக்கிற கிட் மட்டும் வாங்காதீங்க.

எங்க வீட்ல துணி மூட்டை ரெண்டு கெடக்கு. பிளவுஸ் தைச்ச மிச்சம், அம்மாவோட பழைய சேலை, தாத்தாவோட கைலி, தம்பி கல்யாணத்துக்கு எடுத்து அளவு தப்பா வெட்டுன துணின்னு எதையும் நான் தூக்கிப் போடுறதில்ல. அம்மா கண்ணுல அது பட்டா போதும், "இந்த கந்தல கட்டிக்கிட்டு எத்தன வருஷம்டி அழுவ"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. யூடியூப் பாத்து நானா என்னென்னமோ பண்ணிப் பாத்தேன், ரோஜாப்பூ பண்ணா முட்டகோஸ் மாதிரி வந்து நின்னுச்சு. அப்பதான் ஃபேக்டரில கூட வேலை செய்ற ஒரு அக்கா இந்த கிளாஸ பத்தி சொன்னாங்க.

நாலு சனிக்கிழமை, காலைல 10ல இருந்து 1 மணி வரைக்கும், 180 வெள்ளி (ரிங்கிட்). லிட்டில் இந்தியாவுல லெபோ பாசார் பக்கம் ஒரு பழைய கடைவீட்டு மாடி. மரப்படி செங்குத்தா இருக்கும், முட்டி வலி உள்ளவங்க யோசிச்சுக்கோங்க. கார்ல வந்தா பார்க்கிங் தேடியே அரை மணி நேரம் போயிடும், நான் பட்டர்வொர்த்துல இருந்து ஃபெர்ரி ஏறி வந்துட்டேன், இப்போ ஃபெர்ரில கார் ஏத்துறதில்ல, ஆளும் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் மட்டும்தான், ஜெட்டில இறங்கி நடந்தா பத்து நிமிஷத்துல வந்துடலாம், வழியில பசியாறிட்டும் போகலாம்.

கிளாஸ் நடத்துறது ஒரு அக்கா. ஆனா உண்மையான கிளாஸ் ஜன்னல் ஓரத்துல மிதி மெஷின் முன்னாடி உக்காந்திருக்க அவங்க மாமியார்தான். அந்த பாட்டி ஒரு காலத்துல பிளவுஸ் தைச்சே புள்ளைங்கள படிக்க வச்சவங்களாம். விளம்பரத்துல அவங்க படமும் இல்ல பேரும் இல்ல. அக்கா முன்னாடி நின்னு பேசிக்கிட்டு இருப்பாங்க, பாட்டி பின்னாடி இருந்து மூக்கு கண்ணாடிக்கு மேல பாத்து "ஏம்மா, அந்த நூல ஏன் தேர் வடம் மாதிரி எடுத்திருக்க, முழங்கை நீளம் போதும்"னு ஒன்னு சொல்லுவாங்க, அதோட நமக்கு சிக்கு விழுறது நின்னுடும்.

முதல் வாரம் ஊசியவே தொட விடல. ஒரு பிஸ்கட் டின் மூடி, ஒரு மெழுகுவர்த்தி, ஒரு இடுக்கி. அவங்கவங்க கொண்டு வந்த துணில இருந்து நாலு நூல உருவி கொளுத்திப் பாக்கணும். பருத்தின்னா காகிதம் எரியுற வாசம் வரும், சாம்பல் தொட்டா உதிரும். பட்டுன்னா முடி கருகுற நாத்தம், கறுப்பா உருண்டு நிக்கும் ஆனா விரல்ல நசுக்குனா பொடியாயிடும். பாலியஸ்டர் உருகி சொட்டும், ஆறுனதும் கெட்டி மணியா நிக்கும், நசுக்கவே முடியாது. எங்கம்மா இருபது வருஷமா பட்டு பட்டுன்னு பீரோவுல பூட்டி வச்சிருந்த சேலைல இருந்து ஒரு நூல் எடுத்துட்டு போயிருந்தேன், அது அழகா உருகி மணியாச்சு. இத அம்மாகிட்ட இன்னும் சொல்லல.

இது எதுக்குன்னு முதல்ல எனக்கும் புரியல, அப்புறம்தான் தெரிஞ்சுது. உருகுற துணின்னா இதழ் வெட்டி ஓரத்த மெழுகுவர்த்தி கிட்ட காட்டுனா போதும், அதுவே சுருண்டு இதழ் மாதிரி ஆயிடும், பிசிறும் வராது. பருத்திக்கு அந்த வேலை நடக்காது, ஓரத்த மடிச்சுத்தான் தைக்கணும். என் முட்டகோஸ் ரோஜாவுக்கு காரணம் இதுதான், ரெண்டு துணியையும் ஒன்னா கலந்து ஒரே மாதிரி பண்ணிக்கிட்டு இருந்திருக்கேன். பாத்தேக் துணிக்கும் பாட்டி ஒரு வழி சொன்னாங்க, திருப்பிப் பாரு, மெழுகு வச்சு சாயம் போட்டதுன்னா ரெண்டு பக்கமும் கலர் ஒன்னா இருக்கும், பிரிண்ட் போட்டதுன்னா பின்பக்கம் வெளுத்திருக்கும். பூ சுருளும்போது பின்பக்கம் வெளிய தெரியுமே, அதுக்கு.

ரெண்டாவது வாரம் யோயோ பூ. ஒரு தேத்தண்ணி கப் சாசர வச்சு வட்டம் போட்டு வெட்டி, ஓரத்த சின்னதா மடிச்சுக்கிட்டே சுத்தி நூலோட்டம் ஓட்டி, கடைசில நூல இழுத்தா சுருக்குப் பை மாதிரி மூடிக்கும், அவ்ளோதான். பத்து சென்டிமீட்டர் வட்டம் வெட்டுனா அஞ்சு சென்டிமீட்டருக்கு கொஞ்சம் கம்மியா பூ கிடைக்கும். இதுல நான் கத்துக்கிட்ட ஒரு விஷயத்துக்கே பாதி காசு போன மாதிரி. என் பூவுக்கு நடுவுல எப்பவும் ஓட்டை பெருசா இருக்கும், நான் தையல் இன்னும் பொடிசா போட்டா சரியாயிடும்னு நெனச்சு பொடிசு பொடிசா போட்டுக்கிட்டே இருந்தேன். பாட்டி வாங்கிப் பாத்துட்டு எல்லாத்தையும் பிரிச்சு விட்டாங்க. "தையல் பொடிசா இருந்தா மடிப்பு நிறைய வரும், மடிப்பு நிறைய வந்தா ஒன்னோட ஒன்னு இடிச்சுக்கிட்டு நடுவுல மூடாது. நீளமா போடு, அரை விரக்கடை." போட்டேன், இழுத்தேன், ஓட்டை ஒரு மிளகு அளவுக்கு மூடிக்கிச்சு. எத்தன யூடியூப் பாத்திருப்பேன், ஒருத்தர் இத சொல்லல.

கிளாஸ்ல நாங்க ஒம்போது பேரு, ஒரு சீன ஆண்டி, ரெண்டு மலாய் காக்கா (மலாய்ல அக்காவ அப்படித்தான் கூப்பிடுவோம்), மத்தவங்க நம்மாளுங்க. பாட்டியோட பாசார் மலாய் கேக்குறதுக்கே தனியா காசு குடுக்கலாம், நூல இழுக்கும்போதெல்லாம் "ஜாங்ஙான் தாரேக் குவாட் குவாட், பூத்துஸ்"னு (ரொம்ப இழுக்காத, அறுந்துடும்) ஒரு சத்தம், அந்த சீன ஆண்டி சிரிச்சு சிரிச்சு ஊசிய விரல்ல குத்திக்கிட்டாங்க.

பொம்மைக்கு நான் கொண்டு போனது தாத்தா கைலி. ஒரு பக்கம் நைஞ்சு போய் கிழிஞ்சிருந்துச்சு, மத்த பக்கம் நல்லா இருந்துச்சு. மலாய்க்காரங்க இத காயின் பெலிகாட்னு சொல்றாங்களே, அந்த பேரே நம்ம பழவேற்காட்டுல இருந்து வந்ததுதான், வெள்ளைக்காரன் வாயில அது புலிகாட், சென்னைக்கு வடக்கால இருக்க துறைமுகம், அந்தக் காலத்துல அங்க இருந்து கப்பல்ல துணி இந்தப் பக்கம் வந்திருக்கு. தாத்தாவுக்கு தெரிஞ்சிருந்தா பெருமையா சொல்லிக்கிட்டு திரிஞ்சிருப்பாரு. கட்டம் போட்ட துணில ஒரு வசதி, கட்டத்தோட கோட்ட பாத்து வெட்டுனா கோணாது. நைஞ்ச இடத்துக்கு பின்னாடி காம் துணி (ஒரு பக்கம் பசை உள்ள துணி) வச்சு அயர்ன் பண்ணிட்டா புதுசு மாதிரி விறைப்பா நிக்கும், நம்ம ஊரு தையக்காரங்க கேன்வாஸ்னு சொல்றது அதுதான்.

யானை தைக்கிறதுல கஷ்டம் தும்பிக்கைதான். வளைவுல அங்கங்க சின்னதா கத்தரி போட்டு விடணும், இல்லன்னா திருப்புனதும் சுருக்கம் சுருக்கமா வரும். பஞ்ச முதல்ல தும்பிக்கை நுனில இருந்து திணிச்சுக்கிட்டு வரணும், மிளகு மிளகா எடுத்து, சாத்தே (கறி கோத்து சுடுற) குச்சியோட மொட்டை பக்கத்தால, கூர் பக்கத்த வச்சு குத்துனா துணி பொத்துக்கும் (குத்தினேன், பொத்துக்கிச்சு, அந்த இடத்துல ஒரு பொட்டு வச்சு தைச்சு நெத்திப்பட்டம்னு சொல்லிட்டேன்). ஒரு காக்கா பழைய தலகாணில இருந்து கேகாபு எடுத்துட்டு வந்திருந்தாங்க, நம்ம இலவம் பஞ்சு. பாட்டி வேணாம்னுட்டாங்க. தலகாணிக்கு அது சரி, புள்ளைங்க பொம்மைய துவைக்காம இருக்க முடியுமா, துவைச்சா அது கட்டி கட்டியா ஒதுங்கிடும், பறந்தா தும்மலும் வரும்.

கண்ணுக்கு பட்டன் வைக்கலாம்னு நான் அழகா ரெண்டு எடுத்து வச்சிருந்தேன். "யாருக்கு பொம்மை?"ன்னாங்க. எங்கக்கா பொண்ணுக்கு, ஒன்றரை வயசுன்னேன். பட்டன வாங்கி அவங்க டப்பாவுல போட்டுக்கிட்டாங்க. மூணு வயசுக்கு கீழ உள்ள புள்ளைக்கு பிச்சு வாயில போடுற மாதிரி எதுவும் வைக்கக்கூடாது, கண்ண நூல்லயே போடணும். பட்டன திருப்பித் தரவே இல்ல, அது வேற விஷயம்.

மூணாவது வாரத்துக்கு முன்னாடி எங்கள லோரோங் கூலிட் போகச் சொன்னாங்க, சிட்டி ஸ்டேடியம் பக்கத்துல இருக்கே, பழைய சாமான் சந்தை, அங்க. அறுந்த மாலை, ஒத்தை கம்மல், ஓடாத வாட்ச், பழைய பித்தளை பட்டன், எதுவா இருந்தாலும் 10 வெள்ளிக்குள்ள வாங்கிட்டு வரணும். காலைல சீக்கிரம் போயிடுங்க, வெயில் ஏறுனா நிக்க முடியாது. அறுந்த பாசிமணி ஒரு பை நிறைய 4 வெள்ளிக்கு அடிச்சேன், கடைக்கார அங்கிள் 8ன்னு ஆரம்பிச்சாரு.

இது வரைக்கும் அஞ்சு ஸ்டார். இனிமேதான் வருது.

மூணாவது வாரம் நகை. அன்னைக்கு பாட்டிக்கு கோயில்ல ஏதோ வேலை, வரல. அக்காவே முழுசா எடுத்தாங்க. துணிய நீள முக்கோணமா வெட்டி சாத்தே குச்சில சுத்தி மணி பண்றது நல்லா இருந்துச்சு, நடுவுல புடைச்சு ரெண்டு பக்கமும் ஒல்லியா வரும், லோரோங் கூலிட் பாசிய இடையில கோத்தா மாலை நெஜமாவே கடை மாலை மாதிரி இருந்துச்சு. அப்புறம் ஜிமிக்கி, தண்ணி பாட்டில் மூடிக்கு மேல சேலை ஜரிகை பார்டர சுத்தி, கீழ பாசி தொங்க விட்டு. பாக்க அவ்ளோ அழகு. ஆனா எல்லாமே க்ளூ கன். சுட்டு சுட்டு ஒட்டி 20 நிமிஷத்துல ஒரு ஜோடி முடிஞ்சுது. கிட் தனியா 45 வெள்ளி, அன்னைக்குத்தான் பிரிச்சுப் பாத்தேன்: கம்மல் கொக்கி பத்து, பசைக் குச்சி ரெண்டு, ஃபெல்ட் துணி, அப்புறம் ஒரு பாக்கெட் வெட்டுத் துணி. வீட்ல ரெண்டு மூட்டை கந்தல வச்சுக்கிட்டு கந்தல காசு குடுத்து வாங்கியிருக்கேன், அம்மா கேட்டா என்ன சொல்லுவாங்கன்னு நீங்களே நெனச்சுக்கோங்க.

திங்கக்கிழமை அந்த ஜிமிக்கிய போட்டுட்டு வேலைக்கு போனேன். மத்தியானத்துக்குள்ள காது அரிக்க ஆரம்பிச்சிடுச்சு, கழட்டி கார் டேஷ்போர்டுல வச்சேன். எனக்கு நிக்கல் ஒத்துக்காது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொக்கின்னா ஒன்னும் பண்ணாது, கிட்ல இருந்தது என்ன உலோகம்னு பாக்கெட்ல ஒரு வரி கூட இல்ல. சாயங்காலம், ஃபேக்டரி இருக்க பிறை ஊரு வெயில்ல நின்ன கார திறந்தா மூடி தனியா, ஜரிகை தனியா, கொக்கி தனியா, பசை டேஷ்போர்டுல சளி மாதிரி ஒழுகி நிக்குது. சூட்டுல இளக்கி ஒட்டுற பசை சூடு பட்டா திரும்ப இளகத்தானே செய்யும், நம்ம ஊரு வெயிலுக்கு அது ஆகுமா? ஈ6000 மாதிரி பசை தாங்கும், ஆனா அது முழுசா பிடிக்க 24ல இருந்து 72 மணி நேரம் ஆகும், மூணு மணி நேர கிளாஸுக்கு சரிவராதுங்கிறது எனக்கும் புரியுது. அத சொல்லியிருக்கலாம்ல? போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புனேன். மறுநாள்தான் பதில், "சிஸ், நகைய கார்ல வைப்பாங்களா"ன்னு ஒரு சிரிக்கிற பொம்மையோட.

நாலாவது வாரம் அத அப்படியே டப்பாவுல போட்டு பாட்டி முன்னாடி வச்சேன். ஒன்னும் பேசல. பசைய நகத்தால தோல் உரிக்கிற மாதிரி உரிச்சாங்க, ஒரு ஊசிய இடுக்கில பிடிச்சு மெழுகுவர்த்தில காட்டி மூடி ஓரத்துல சுத்தி பொடி ஓட்டை போட்டாங்க, ஜரிகைய அந்த ஓட்டை வழியா தைச்சாங்க, கொக்கிய நூலாலயே மூணு சுத்து சுத்தி முடிச்சு போட்டாங்க. ஒரு காதுக்கு அவங்க பண்ணாங்க, இன்னொரு காத என் கையில குடுத்துட்டாங்க. எனக்கு முக்கா மணி நேரம் ஆச்சு. கொக்கிய நான் அப்புறம் மாத்திட்டேன், ஒரு ஜோடி ஸ்டீல் கொக்கி ஒன்னும் பெரிய விலை இல்ல. ரெண்டு மாசமா போடுறேன், கார்லயும் வச்சு பாத்துட்டேன், வேணும்னே.

மத்த குறை சின்னதுதான். ஒரே ஒரு ஃபேன், ஒம்போது பேருக்கு ஒரே மெஷின் (பாட்டியோடத யாரும் தொட முடியாது), 10 மணி கிளாஸ் 10.20க்குத்தான் ஆரம்பிக்கும். பாத்ரூம் கீழ்க்கடையில கேட்டுத்தான் போகணும்.

யானைய எங்கக்கா பொண்ணு ஒரு நாள் கூட கீழ விடல. காது ரெண்டையும் சப்பி சப்பி, மூணு தடவ வாஷிங் மெஷின்ல போட்டாச்சு, கண்ணு அப்படியே இருக்கு. அம்மா அத கையில எடுத்து திருப்பிப் பாத்துட்டு "இது அப்பா கைலிதானே"ன்னாங்க, அதுக்கப்புறம் கந்தல்ங்கிற வார்த்தைய கொஞ்ச நாளா காணோம்.

தீபாவளிக்கு துணில மாவிலை தோரணம் கிளாஸ் வைக்கப் போறாங்களாம், ஒரே நாள், 60 வெள்ளி. பேரு குடுத்துட்டேன். கிட் வேணாம், பாட்டி வருவாங்களான்னு ரெண்டு வரி எழுதி அனுப்புனேன். ப்ளூ டிக் விழுந்து நாலு நாளாச்சு.