ஆறு வாளித் தண்ணீரில் ஒரு வீடு: துப்புரவுச் சேவை பற்றிய மதிப்புரை

பெங்களூரு வைட்ஃபீல்டு பக்கம் உள்ள எங்கள் இரண்டு படுக்கையறை வீட்டை 2024 ஏப்ரலில் விற்பனைக்கு வைத்தபோது, பார்க்க வருபவர்களுக்காக அதைச் சுத்தம் செய்துதர ஒரு துப்புரவு நிறுவனத்தை அமர்த்தினோம். குறைந்த தண்ணீரில் முழு வீட்டையும் துடைத்துத் தருவதாக அவர்கள் விளம்பரம் செய்திருந்தார்கள். வேலையில் நிறையும் குறையும் கலந்திருந்ததால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். இத்தகைய சேவையை அமர்த்த நினைப்பவர்கள் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதைச் சொல்வதே என் நோக்கம்.

முந்தைய ஆண்டு மழை பொய்த்து ஆழ்துளைக் கிணறுகள் வரிசையாக வற்றிய கோடை அது. வண்டி கழுவுவதற்கும் செடிகளுக்கும் கட்டுமானத்துக்கும் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் மார்ச்சிலேயே அறிவித்திருந்தது. 12,000 லிட்டர் லாரித் தண்ணீருக்கு, ஐந்து கிலோமீட்டருக்குள் என்றால், 1,000 ரூபாய் என மாவட்ட நிர்வாகம் விலை நிர்ணயித்திருந்தது. லாரி வந்து சேர்ந்தால்தானே விலையைப் பற்றிப் பேச முடியும்! காவிரிக் குடிநீர்க் குழாய் இணைப்பு இல்லாத எங்கள் வளாகத்தில் காலையில் இரண்டு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் மட்டுமே குழாயில் தண்ணீர் வந்தது. வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்தபின் வீடு மூன்று மாதம் பூட்டியே கிடந்தது.

சொன்ன நேரத்துக்கு மூன்று பேர் வந்தார்கள். தரைக்கும் அலமாரிகளுக்கும் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணி, அடுப்படிக்கு நீராவிக் கருவி, குளியலறைக்குத் தனி வாளி என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். ஒரு துணி அழுக்கானதும் அதை அலசாமல் பையில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார்கள். தண்ணீர் மிச்சமானதற்கு முக்கியக் காரணம் இந்தப் பழக்கம்தான். அடுப்புக்கு மேலே ஓடுகளில் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கு, ஒன்றரை லிட்டர் தண்ணீர் மட்டுமே கொள்ளும் நீராவிக் கருவிக்கு இளகி வழிந்து வந்துவிட்டது. நாள் முழுவதற்கும் ஆறு வாளிக்கு மேல் செலவாகவில்லை என்பதை நானே எண்ணிப் பார்த்தேன்.

அவர்கள் செய்தவற்றில் மிகப் பயனுள்ளது விளம்பரத்தில் இல்லாத ஒரு காரியம். கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்த சாக்கடை நாற்றத்துக்கு ஊதுவத்தியும் வாசனைத் தெளிப்பானும் வாங்கி வைத்திருந்தேன். கிருஷ்ணகிரியிலிருந்து வந்திருந்த அக்கா ஒருவர் பின் குளியலறைத் தரையில் தண்ணீர் வடியும் துளையின் ஜாலி மூடியைக் கழற்றி, குனிந்து பார்த்துவிட்டு, “சார், உள்ள தண்ணி வத்திப்போச்சு, அதான் நாத்தம் மேல வருது” என்றார். கழிவுநீர்க் குழாயின் வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்றால்தான் கீழேயிருக்கும் வாயு வீட்டுக்குள் வராது. மூன்று மாதம் யாரும் குளிக்காத அறையில் அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போயிருந்தது. அவர் ஒவ்வொரு ஜாலியிலும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, சீக்கிரம் வற்றாமல் இருக்க மேலே ஒரு தேக்கரண்டி சமையல் எண்ணெய் விட்டார். மாலைக்குள் நாற்றம் போய்விட்டது. வாசனைத் தெளிப்பானைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை.

குறைகளுக்கு வருகிறேன். குழாய்களிலும் குளியலறைக் கண்ணாடித் தடுப்பிலும் படிந்திருந்த வெள்ளை உப்புக்கறையை நீராவியே அகற்றிவிடும் என்று தொலைபேசியில் உறுதி கூறியிருந்தார்கள். அகற்றவில்லை, அகற்றவும் முடியாது. கடினநீரின் சுண்ணாம்புப் படிவு சூட்டுக்குக் கரைவதில்லை. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் அது எப்படிப் பாறையாக இறுகுகிறது என்பது வீட்டில் சமைக்கும் எவருக்கும் தெரியும். அதற்குப் புளிப்பு வேண்டும். மறுநாள் நானே வினிகரில் நனைத்த துணியைக் குழாய்களைச் சுற்றி அரை மணி நேரம் கட்டிவைத்துத் தேய்த்தெடுத்தேன். பளிங்குக் கல்லில் மட்டும் வினிகர் படக்கூடாது. கல் அரித்து மங்கிவிடும்.

இரண்டாவது குறை, தண்ணீரை மிச்சம் பிடிக்கும் ஆர்வத்தில் நேர்ந்தது. குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் கழிவாக வெளியேற்றும் தண்ணீரைப் பிடித்துத் தரை துடைத்தது நல்ல யோசனை. வெளிர்நிற ஓடுகளில் எதுவும் தெரியவில்லை. அதே தண்ணீரால் சமையல் மேடையின் கறுப்புக் கிரானைட்டையும் துடைத்துவிட்டார்கள். அந்தத் தண்ணீரில் உப்பு செறிந்திருப்பதால், காய்ந்ததும் மேடை முழுவதும் கோலப்பொடி சிந்தியதுபோல் வெள்ளைக் கோடுகள் விழுந்தன. முறையிட்டபோது, மறுநாள் ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள்; எவரும் வரவில்லை.

கூடுதல் கட்டணத்துக்கு ஐந்து குழாய்களில் ஏரேட்டர் பொருத்தினார்கள். அந்தக் கோடையில் வாரியமும் வலியுறுத்திவந்த சிறு பொருள் இது. தண்ணீரோடு காற்றைக் கலப்பதால் குறைந்த தண்ணீரே வெண்ணுரையாகப் பருத்து விழுகிறது. இதில் ஒரு தர்மசங்கடம் உண்டு. வீடு பார்க்க வந்த ஏழு குடும்பங்களில் ஐந்து, வரவேற்பறையை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நேரே சமையலறைக்குப் போய்க் குழாயைத்தான் திறந்தன. ஏரேட்டர் வழியே விழுவதைக் கண்டு ஒருவர் “தண்ணீர் நன்றாகத்தான் வருகிறது” என்று மகிழ்ந்தபோது, அதைத் திருகிக் கழற்றி உண்மையான நீர்வரத்தைக் காட்டினேன். தரகருக்கு முகம் சுருங்கிப்போனது. அதன்பின் நாங்கள் தண்ணீர் வரும் நேர அட்டவணையையும் கடந்த ஆறு மாத லாரிச் செலவுக் கணக்கையும் மேடைமேலேயே வைத்துவிட்டோம். அவற்றைப் படித்தவர்கள் கூடுதல் நேரம் நின்று பேசினார்கள்.

துப்புரவுக்கு 4,500 ரூபாய், ஏரேட்டருக்குத் தனியாக 900. பூட்டிக் கிடந்த வீட்டுக்கு முதல்முறை இவர்களை அழைப்பதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் உப்புக்கறைக்கு என்ன மருந்து கொண்டுவருவார்கள், கருங்கல்லை எந்தத் தண்ணீரால் துடைப்பார்கள் என்ற இரண்டையும் முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். வாரந்தோறும் வந்து மெருகேற்றுவதாக அவர்கள் சொன்ன 1,200 ரூபாய்த் திட்டம் வீண்செலவு. சனிக்கிழமை காலையில் அரை வாளித் தண்ணீரும் இரண்டு துணியும் ஜாலிக்கு ஒரு சொம்புத் தண்ணீரும் எங்களுக்குப் போதுமானதாக இருந்தன.