இன்ட்யோஸ் போதுமா, சின்டிக் 16 வேண்டுமா?

திரையில்லாத வரைபலகையான வேக்கம் இன்ட்யோஸ் மீடியத்தில் வரைபவர்கள், அதே நிறுவனத்தின் திரையுள்ள வரைபலகையான சின்டிக் 16-க்கு மாற நினைப்பது பெரும்பாலும் கோடுகளுக்காகத்தான். திரையிலேயே பேனா படுவதால் லைன் ஆர்ட், எழுத்துரு வேலை இரண்டிலும் திருத்தங்கள் குறையும். போட்டோ ரீடச்சிங், வண்ணம் நிரப்புதல் மட்டும் என்றால் பழையதே போதும். இன்ட்யோஸில் மானிட்டரை நேராகப் பார்ப்பதால் கழுத்துக்கும் நல்லது.

பேனா அழுத்த நிலைகள் இன்ட்யோஸில் 4096, சின்டிக்கில் 8192. இந்த வித்தியாசத்தைக் கை உணராது, அதற்காகக் காசு செலவழிக்காதீர்கள். பரப்பளவுதான் உண்மையான லாபம்: இன்ட்யோஸின் 216 × 135 மி.மீ. எங்கே, சின்டிக்கின் (2019 மாடல்) 344 × 194 மி.மீ. எங்கே! மணிக்கட்டை விட்டு முழங்கையிலிருந்து கோடு இழுக்கலாம்.

இன்ட்யோஸில் வட்டம் நீள்வட்டமாக வருகிறதா? அதன் பரப்பு 16:10, மானிட்டர் 16:9. டிரைவரில் (வேக்கமின் அமைப்பு மென்பொருள்) விகிதத்தைப் பூட்டினால் சரியாகும். வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

சின்டிக்கின் 2019 மாடலுக்கு எச்டிஎம்ஐ, யுஎஸ்பி, மின்சாரம் மூன்றும் வேண்டும். லேப்டாப்பில் யுஎஸ்பி-சி மட்டும் இருந்தால், அந்தப் போர்ட் வீடியோ தருமா என்று பார்த்துவிட்டே அடாப்டர் வாங்கவும். சார்ஜ் மட்டும் ஏற்றும் போர்ட்டில் திரை கறுப்பாகவே கிடக்கும். கர்சர் பேனா முனையிலிருந்து விலகினால், வழக்கமாக உட்காரும் நிலையிலேயே காலிபரேட் செய்யுங்கள் (முனையும் கர்சரும் பொருந்தும்படி சரிசெய்வது). பேனா பட்டால் கர்சர் வேறு திரையில் ஓடுகிறதென்றால் டிரைவரில் மேப்பிங் (பேனா எந்தத் திரைக்கு என்ற அமைப்பு) தவறு. சின்டிக்கில் ஷார்ட்கட் பொத்தான்கள் இல்லை, ஆகவே மேசையில் கீபோர்டுக்கும் இடம் ஒதுக்க வேண்டும்.