லித்தாப்ஸா, ஹவொர்த்தியாவா?

ஜன்னலோரத்துக்குச் சின்னதாக ஒரு பாலைச் செடி வேண்டும், எதை வாங்குவது என்று குழம்புபவர்களுக்காக இது. லித்தாப்ஸ் என்பது தடித்த இரண்டு இலைகள் ஒட்டி, கூழாங்கல் போலவே இருக்கும் செடி; ஹவொர்த்தியா தடித்த இலைகள் பூப்போல் அடுக்காக இருக்கும் செடி. இரண்டுக்கும் பூர்வீகம் ஆப்பிரிக்காவின் தென்பகுதி; குணம்தான் வேறு.

வெளிச்சம்: லித்தாப்ஸுக்குத் தினமும் நாலைந்து மணி நேரம் நேர்வெயில் வேண்டும், இல்லாவிட்டால் நீண்டு உருக்குலையும். ஹவொர்த்தியா காட்டிலேயே புதர் நிழலில் வளர்வது. வெளிச்சமான அறை போதும்.

தண்ணீர்: பெரும்பாலான லித்தாப்ஸ் சாவது இதில்தான். பூத்து முடிந்ததும் உள்ளே புது இலை ஜோடி உருவாகி, பழைய இலைகளின் நீரை உறிஞ்சி வளரும். பழையவை காகிதம்போல் காயும்வரை ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. சுருங்குகிறதே என்று மனம் இரங்கினால் போச்சு, அழுகிவிடும். ஹவொர்த்தியாவுக்கு மண் நன்றாகக் காய்ந்தபின் ஊற்றினால் சரி.

மண்: இரண்டுக்குமே ஓட்டையுள்ள தொட்டி. லித்தாப்ஸுக்கு முக்கால் பங்கு பருமணலும் பொடிக்கல்லும்.

செலவு: ஹவொர்த்தியா மலிவு, பக்கக்கன்றும் விடும். லித்தாப்ஸை விதை போட்டால் பூக்கச் சில வருடங்கள் ஆகும்.

முதல் செடி என்றால் யோசிக்காமல் ஹவொர்த்தியா. காலை வெயில் விழும் ஜன்னலும், பூவாளியைத் தொடாமல் இருக்கும் பொறுமையும் இருந்தால் லித்தாப்ஸ்.