35-உம் 135-உம்: ஒரே வட்டையில் இரண்டு மெசிகள்

எங்கள் வளவில் இரண்டு மெசி பெர்குசன் உழவு இயந்திரங்கள் நிற்கின்றன. 35-ஐ அப்பா 1974-இல் பழையதாக வாங்கினார். 135-ஐ நான் 2003-இல் வாங்கினேன். மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில், ஒரே வட்டையில் (வயல்வெளியில்), இருபது வருடங்களுக்கு மேலாக இரண்டையும் ஓட்டியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இரண்டிலும் இருப்பது பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் டீசல் என்ஜின்தான். கொள்ளளவும் ஏறத்தாழ இரண்டரை லீற்றர்தான். ஆயினும் எங்கள் 35-இன் வலு 37 குதிரைவலு, 135-இனுடையது 45.5. பழைய என்ஜினில் டீசல் முதலில் ஒரு சிறிய அறைக்குள் பீய்ச்சப்பட்டு அங்கிருந்து எரிந்து பரவுகிறது. 135-இலோ பிஸ்டன் தலையில் உள்ள குழிக்குள்ளேயே நேராகப் பீய்ச்சப்படுகிறது. மார்கழி மழைக்கால விடியலில் 135 ஒரே சுற்றில் பிடித்துக்கொள்வதற்கும், அதே வேலைக்குக் குறைந்த எண்ணெய் குடிப்பதற்கும் இதுவே முக்கிய காரணம். நெல் மூடை ஏற்றிய பெட்டியை இழுக்கும்போதும் அந்தக் கூடுதல் வலு நன்றாகத் தெரியும்.

காய்ந்த மண்ணை உழும் புழுதி உழவில் நிலைமை வேறு. கலப்பை இறுகிய மண்ணில் மாட்டும்போது மேல் இணைப்புத் தண்டு ஒரு சுருளை (ஸ்பிரிங்கை) அழுத்த, ஹைட்ரோலிக் கலப்பையைச் சற்றே உயர்த்தி, அந்தப் பாரத்தைப் பின் சில்லுகள் மேல் போடுகிறது. ஹரி பெர்குசனின் இந்த ஏற்பாடு இரண்டிலும் உள்ளதால், கொத்துக் கலப்பையோடு 35 பின்தங்குவதை நான் கண்டதில்லை. மாரிக்கு முன் புழுதி விதைப்புக்காக உழும்போது இன்றும் அதைத்தான் முதலில் இறக்குவேன். அப்பாவின் வண்டி என்ற பாசமும் அதில் கொஞ்சம் கலந்திருக்கலாம்.

நவகிரிக் குளத்துத் தண்ணீரை நம்பிச் செய்யும் சிறுபோகச் (கோடைப் பருவ நெற்செய்கை) சேற்றில் மட்டும் 135-ஐ விட்டால் எனக்கு வேறு வழியில்லை. ஒரு சில்லு வழுக்கிச் சுழலத் தொடங்கியதும் டிபரென்சல் லொக்கை மிதித்தால் இரண்டும் சேர்ந்து பிடிக்கும். எங்கள் 35-இல் அது கிடையாது. அதைவிடப் பெரிய ஆபத்து தண்ணீர். இந்த இயந்திரங்களில் கியர்ப் பெட்டியும் ஹைட்ரோலிக்கும் ஒரே எண்ணெயையே பயன்படுத்துகின்றன. பம்ப் அந்த எண்ணெய்க்குள் அடியில் மூழ்கிக் கிடக்கிறது. தேய்ந்த சீலை மாற்றாமல் ஆழச் சேற்றில் 35-ஐ இறக்கிய ஒரு வருடம், எண்ணெய் பால் போல வெளுத்துக் கலப்பை தூக்காமல் போயிற்று. பிழை முழுக்க என்னுடையது. அன்று தொடக்கம் சேற்று உழவு முடிந்ததும் எண்ணெய் அளவுகோலை இழுத்து நிறம் பார்க்காமல் நான் வீட்டுக்குப் போவதில்லை.

இருக்கை, ஸ்டீயரிங் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டுமே மாலையில் முதுகை வாங்கிவிடும்.

உதிரிப்பாகம் வாங்குவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரண்டு என்ஜின்களின் பெயரிலும் 152 என்ற இலக்கம் வருகிறது. ஆனால் பிஸ்டன் ஒன்றல்ல. மண்முனையில் 2014-இல் பாலம் வருவதற்கு முந்திய காலத்தில், அந்த இலக்கத்தை மட்டும் கடையில் சொல்லி 35-க்குப் பிஸ்டன் வாங்கி வந்தேன். வீட்டில் பொதியைப் பிரித்தால் மூன்றிலும் 135-க்குரிய தலைக்குழி. மறுநாள் காலையில் அவற்றைச் சாக்கில் கட்டிக்கொண்டு மறுபடியும் பாதையேறி (வாவியைக் கடக்கும் மிதவையில்) மட்டக்களப்புக்குப் போனேன்.