எண் பார்த்து வாங்கிய பிளக்

காலையில் பத்து உதை வாங்காமல் என் ஸ்கூட்டர் கண் விழிக்காது. கழற்றிப் பார்த்தால், என்ஜினில் பொறி கொடுக்கும் ஸ்பார்க் பிளக்கின் முனையில் அடுப்புக்கரி போலக் கறுப்பு. யாரோ என் தலையில் கட்டிய ரகம் அது.

இம்முறை கையேட்டில் கண்டபடியே என்ஜிகே நிறுவனத்தின் சிஆர்7எச்எஸ்ஏ பிளக் வாங்கினேன். 7 என்பது வெப்ப எண், அதாவது பிளக் எவ்வளவு விரைவாகச் சூட்டை வெளியேற்றும் என்பதன் குறி. இந்த நிறுவனத்திடம் எண் கூடினால் பிளக் குளிர்ச்சி, சூடு விரைவில் வெளியேறும். பாஷ் நிறுவனப் பிளக்கில் நேர்மாறு, குழப்புவதற்கென்றே வைத்தார்களோ! பொறி தாவும் முனை இடைவெளியை அளந்தேன்: 0.7 மில்லிமீட்டர், திருத்த வேண்டியிருக்கவில்லை. என்ஜின் ஆறியபின், மரை சிதையாதிருக்க முதலில் விரலாலேயே திருகினேன். வாஷர் படிந்ததும் 16 மில்லிமீட்டர் ஸ்பேனரால் அரைச்சுற்று, அவ்வளவுதான்.

இப்போது முதல் உதையிலேயே கிளம்புகிறது. மூன்று மாதம் கழித்தும் முனை இளம்பழுப்பாகவே இருக்கிறது. ஒரே குறை, பீங்கானில் அச்சிட்ட எண்ணைப் படிக்க எனக்குக் கண்ணாடி தேவைப்பட்டது.